லிஃப்ட் கவிஞர் சொக்கலிங்கம்

சொக்கலிங்கம் காலமான செய்தியை அவருடைய மகள் தாரா, அப்பாவின் ஃபோனிலிருந்தே 'கொல்கத்தா தமிழ்ச் சொந்தங்கள்' வாட்ஸாப் குழுவில் போட்டாள். முதலில் வந்த பதில், "அருமை ஐயா!" போட்ட ஆசாமி பதறியடித்துக்கொண்டு அழித்துவிட்டார். அதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த எண்ணிலிருந்து எது வந்தாலும் பல் துலக்கிக்கொண்டே ஓர் 'அருமை'யைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போவது அந்தக் குழுவுக்கே வருஷக்கணக்கான பழக்கம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசியும் அதைப் பார்த்தாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டிருந்தவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. இந்த 'அருமை'யின் அருமையை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

சொக்கலிங்கம் மதுரைப் பக்கத்துக்காரர். ரயில்வேயில் வேலை கிடைத்துக் கொல்கத்தாவின் கார்டன் ரீச்சுக்கு வந்தவர். தலைமை அலுவலகத்தில் சரக்குப் பிரிவில் குமாஸ்தா. ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம் அவருக்கு மேசை போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஜன்னல்தான் மனுஷனைக் கெடுத்தது. ஊரிலிருந்து யாரோ பொட்டலம் கட்டி அனுப்பிய வாரப் பத்திரிகைத் தாளில் நாலைந்து ஹைக்கூ இருந்தது. படித்துப் பார்த்து, "மூணே வரியில முடிஞ்சிருதே!" என்று ஆச்சரியப்பட்டார். ஆச்சரியப்பட்டதோடு விட்டிருக்கலாம். அன்று சாயங்காலமே தானும் ஒன்று எழுதினார். அப்புறம் ஆயுசுக்கும் அதை விடவில்லை.

பதவி உயர்வு வந்தது. ஆனால் புது மேசை ஃபைல் அலமாரிகளுக்கு நடுவே, சுவரைப் பார்த்து இருந்தது. சொக்கலிங்கம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஏதோ பட்டம் வாங்கி வந்தவர்போல் சொன்னார்.

"ஜன்னல் இல்லாத எடத்துல எனக்கு ஹைக்கூ வராது மங்கை."

"சம்பளம் வந்திருக்கும்ல?" என்றாள் மங்கையர்க்கரசி.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில், கவிஞருக்கு வாழ்க்கைப்பட்டதாக ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கவிஞர் என்றால் பெண்டாட்டியைப் பற்றி நாலு வரி எழுதுவார் என்று எண்ணம். இவர் மூன்று வரிக்காரர். அந்த மூன்றிலும் தவளை, தேநீர்க் குவளை, நனைந்த குடை என்று யார் யாரோ இருந்தார்களே தவிர, அவள் ஒரு நாளும் இடம் பிடிக்கவில்லை. கேட்டதற்கு, "நீ மூணு வரிக்குள்ள அடங்க மாட்டே" என்றார். அது புகழ்ச்சியா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அவருடைய வேலை முறை எழுதுவது கிடையாது, வெட்டுவது. காலையில் பத்து சொல்லோடு உட்காருவார். மத்தியானம் எட்டாகும். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஆறாக்கிவிட்டு, அந்த ஆறில் எது ஊதாரி என்று யோசித்துக்கொண்டே மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பார். "ஒரு சொல்லு கூடிப்போனா கவிதை மூச்சு முட்டிச் செத்துரும்" என்பார். கவிதையை வெட்டிப் பழகிய கை மற்றதையும் வெட்டத் தொடங்கியது. ஆபீசுக்கு லீவு விண்ணப்பம் மூன்று வரியில் போனது: 'காய்ச்சல். நாளை வரை. பணிவுடன்.' அதிகாரி கூப்பிட்டுத் திட்டினார். திட்டு ரொம்ப நீளம் என்று இவர் வீட்டில் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

தாராவின் கல்யாணப் பத்திரிகையை மட்டும் மங்கையர்க்கரசியால் மறக்க முடியாது. அச்சகத்துக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பியவரை நம்பி விட்டுவிட்டாள். பத்திரிகை வந்து இறங்கியது. நல்ல கனமான அட்டை, மூலையில் மஞ்சள் தடவ இடம், நடுவில் மூன்று வரி.

தாரா, தீபக்
தை வெள்ளி
வாருங்கள்

"மண்டபம் எங்கங்க? எந்த ஊருல? தையில நாலு வெள்ளி வருதே, எந்த வெள்ளி?" என்று அவள் அலறினாள்.

"வர்றவுகளுக்குத் தெரியாதா?" என்றார் கவிஞர்.

வருகிறவர்களுக்குத் தெரியவில்லை. மங்கையர்க்கரசி தொண்டை கட்டிப்போகும்வரை சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஃபோன் போட்டுச் சொன்னாள். அப்படியும் சிவகங்கைப் பெரியம்மா குடும்பத்தோடு முந்தின வெள்ளியே வந்து இறங்கி, இனி எங்கே திரும்பிப் போவது என்று ஒரு வாரம் டேரா போட்டுவிட்டாள். அந்த வாரம் முழுக்கச் சொக்கலிங்கம் அந்தப் பெரியம்மாவுக்கு ஹைக்கூ சொன்னார். அவள் காது கேளாதவள் என்பதால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

ரிடையர் ஆனதும் ரயில்வே குடியிருப்பைக் காலிசெய்து, ஜாதவ்பூரில் ஒரு ஃப்ளாட் வாங்கினார்கள். நாலாவது மாடி, ஒரு பழைய லிஃப்ட். இரண்டாவது மாடியில் ஷர்மிஷ்டா என்று ஒரு வங்காளப் பெண்மணி, பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுப்பவள். அவளுக்குச் சொக்கலிங்கம் 'சொக்கோ-தா', மங்கையர்க்கரசி 'மங்கா பௌதி', அதாவது அண்ணன், அண்ணி. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் மங்கையர்க்கரசிக்குக் கொல்கத்தாவில் இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

சொக்கலிங்கத்துக்கு இருந்த ஒரே மேடை, லேக் மார்க்கெட் பக்கத்தில் இயங்கும் தென்கொல்கத்தா முத்தமிழ் மன்றம். வருஷா வருஷம் பொங்கலுக்குக் கவியரங்கம். அங்கே கவிதை படிப்பதென்றால் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்க வேண்டும். முதல் தடவை கேட்பதற்கு, இரண்டாம் தடவை கை தட்டுவதற்கு. போர்ட் டிரஸ்டில் இருந்து ஓய்வுபெற்றவரும் மன்றத்தின் நிரந்தரச் செயலாளருமான வெங்கடசுப்ரமணியன் இந்த முறையில் கரை கண்டவர். ஆறு சீர் வரியை அரை நிமிஷம் இழுப்பார். சொக்கலிங்கமோ ஹைக்கூவை ஒரே தடவைதான் சொல்லவேண்டும், அதற்கப்புறம் எல்லோரும் சற்றுநேரம் சும்மா இருக்கவேண்டும் என்ற கொள்கைக்காரர். மைக் முன்னால் வந்து நிற்பார். மூன்று வரியையும் சொல்வார். கண்ணை மூடிக்கொள்வார். மைக் டெஸ்டிங் நடக்கிறது என்று சபை பேசிக்கொண்டிருக்கும். கடைசியில் வெங்கடசுப்ரமணியன் எட்டிப் பார்த்து, "ஆரம்பிங்க சார், டயம் ஆறது" என்பார். ஏற்கெனவே முடித்துவிட்டவர் இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்காருவார். ஒவ்வொரு வருஷமும் இதே கதை, ஒவ்வொரு வருஷமும் வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவதிலும் குறையில்லை.

மங்கையர்க்கரசிக்குச் சில சமயம் எரிச்சலாக வரும், சில சமயம் பாவமாக இருக்கும். ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க ஒன்றையே செய்கிறான், அதை ஓர் ஆள்கூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றால் எப்படி இருக்கும்?

ஆனால் புகழ் வந்தது. அது வந்த விதம்தான் கேவலம்.

அது சித்திரை மாசம். வெயிலில் வெந்துகொண்டிருந்த ஊரில் சாயங்காலம் திடீரென்று வானம் கறுத்து, வங்காளத்தார் கால்பைசாகி என்று சொல்லும் கோடைப் புயல் அடித்தது. மங்கையர்க்கரசி காய்கறி வாங்க லேக் மார்க்கெட் போனவள், ஒரு இட்லிக் கடைக்குள் ஒதுங்கி மழைக்கு நின்றுவிட்டாள். சொக்கலிங்கம் பால் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே கரண்ட் போனது. கும்மிருட்டு. அபாய மணியை அழுத்தினால் சத்தமே இல்லை. வாசலில் காவல் இருக்கும் தர்வான் மழை வந்ததும் டீக்கடைக்கு நகர்ந்துவிட்டிருந்தான். மனைவிக்கு ஃபோன் போட்டார், போகவில்லை. அவளோ எந்த வாட்ஸாப் குழுவிலும் கிடையாது. வீட்டில் கேட்பதே போதும் என்று இருந்துவிட்டவள். சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. பேச முடியாது, செய்தி மட்டும் போகும் என்று கண்டுபிடித்து, ஊரில் உள்ள தமிழர்கள் அத்தனை பேரும் இருக்கிற குழுவிலேயே போட்டார்.

லிஃப்டில் நான்
உள்ளே இருட்டு
யாராவது வாருங்கள்

முதலில் 'மாட்டிக்கொண்டேன்' என்று எழுதியிருந்தாராம். 'லிஃப்டில் நான்' என்றாலே அது அடங்கிவிடுகிறதே என்று எடுத்துவிட்டார். 'தயவுசெய்து' என்பதையும் எடுத்துவிட்டார். உயிர் போகிற நேரத்திலும் மனுஷன் வெட்டியிருக்கிறார்! இதை அவரே பிற்பாடு அவளிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறு நிமிஷமே ஃபோன் டிங் டிங்கென்று அடித்தது. இருட்டில் அந்த வெளிச்சத்தைப் பார்த்து அவருக்கு உயிரே வந்துவிட்டது. திறந்து பார்த்தால், 'அருமை ஐயா!' 'ஆழமான வரிகள்.' 'வாழ்க்கையே ஒரு லிஃப்ட்தான் சார்.' 'உள்ளே இருட்டு... ஆஹா, உள்ளே என்றால் மனசு!' ஒரு ரோஜாப்பூ. நாலைந்து கும்பிடு. வெங்கடசுப்ரமணியன் தம் பங்குக்கு, 'பல வருஷமாக நாங்கள் காத்திருந்த சொக்கலிங்கம் இன்று பிறந்தார்' என்று எழுதியிருந்தார்.

பிறந்தவர் வேர்த்து விறுவிறுத்து, இன்னொன்று அனுப்பினார்.

இது கவிதை அல்ல
உண்மையாகவே
மாட்டிக்கொண்டேன்

அதுவும் மூன்று வரியாகத்தான் வந்து தொலைந்தது. கை அப்படியே பழகிவிட்டது. பதில் முன்னைவிட வேகமாக வந்தது. 'கவிதை அல்ல என்று சொல்வதே பெரிய கவிதை!' மேலும் ரோஜாக்கள். மூன்றாவதாக, ஃப்ளாட் நம்பர், தெருப் பெயர் எல்லாம் போட்டு ஒழுங்கான உரைநடையில் ஒன்று எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுதிய மிக நீளமான வாக்கியம் அதுதான். அது போகவே இல்லை. சிக்னல் செத்துப்போயிருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் குடைக் காம்பால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாததால் படியேறி வந்த ஷர்மிஷ்டாதான் அந்தச் சத்தத்தைக் கேட்டு, "கே? கே ஓகானே?" என்று யாரென்று விசாரித்தாள். உள்ளேயிருந்து, "ஆமி! சொக்கலிங்கம்!" என்று நடுங்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது. அவள் மழையில் ஓடிப்போய்த் தர்வானை இழுத்துவந்து, கதவை நெம்பித் திறக்க வைத்தாள். மங்கையர்க்கரசி வீடு வந்து சேர்ந்தபோது, சொக்கலிங்கம் ஷர்மிஷ்டா வீட்டு நாற்காலியில் முகமெல்லாம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ரசித்தார்கள், தெரியாதவள் வந்து தூக்கினாள். அன்றைக்கு நெஞ்சில் பிடித்த வலி அதன்பிறகு அவரைவிட்டு முழுசாகப் போகவே இல்லை.

அதற்கப்புறம் அவர் 'லிஃப்ட் கவிஞர்' ஆனார். லேக் மார்க்கெட்டில் வெற்றிலைக் கடையில்கூடக் கண்டு பேசினார்கள். நடந்தது என்னவென்று அவர் வாய்விட்டுச் சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த பொங்கல் கவியரங்கத்தில் அவர் வேறு ஏதோ சொல்லப்போக, சபை சினிமாப் பாட்டுக்குக் கேட்பதுபோல் "லிஃப்ட்! லிஃப்ட்!" என்று கத்தியது. அவர் சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் பயந்து கூப்பிட்டதை ரசிச்சிட்டாங்க மங்கை. அதை எம் பேர்ல மட்டும் எங்கயும் சேத்துராத. அதைத் தவிர எதை வேணா சேத்துக்க."

"யாரு என்ன சேக்கப் போறா? சும்மா வாங்க" என்றாள் அவள்.

யார் சேர்க்கப்போகிறார்கள் என்பது அவர் போன மூன்றாம் வாரமே தெரிந்துவிட்டது. வெங்கடசுப்ரமணியன் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். மன்றத்தில் நினைவேந்தல் கூட்டம். நூலக வாசலில் கருங்கல் பதிக்கப்போகிறார்கள். அதில் லிஃப்ட் கவிதையை வெட்டி, கீழே சொக்கலிங்கத்தின் பெயர். மேடைக்கு ஒரு நல்ல ஃபோட்டோ வேண்டும்.

மங்கையர்க்கரசி ஆப்பிள் பையை வாங்காமல் சொன்னாள்.

"அது கவிதை இல்லைங்க. லிஃப்டுல மாட்டிக்கிட்டுக் கூப்பிட்டாக."

வெங்கடசுப்ரமணியன் கனிவாகச் சிரித்தார். "பெரிய படைப்பாளிகளோட வீட்டுல இப்படித்தாம்மா சொல்வா. பக்கத்துல இருந்து பார்க்கறவாளுக்குக் கவிதை தெரியாது."

"கல்லு வைக்கிறதுன்னா அவுக எழுதினதுல ஒண்ணை வைங்க. நான் சொல்லுதேன், கேளுங்க." செயலாளரிடம் ஒரு கவிதையை மனப்பாடமாகச் சொல்வதற்கு அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கார்டன் ரீச்சில் இருந்தபோது, ஒருநாள் ஆற்றங்கரையில் புருஷனோடு நின்றுகொண்டிருக்கையில் அவர் சொன்னது அது. அவர் சொன்னதிலேயே அவளுக்கு உடனே புரிந்தது அது ஒன்றுதான். புரிந்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை, சொன்னால் இன்னும் நூறு சொல்வாரே என்று.

"கப்பல் போனபின்
கரையைத் தொடுகிறது
அதன் அலை."

வெங்கடசுப்ரமணியன் காத்திருந்தார். "உம். அப்புறம்?"

"அவ்வளவுதாங்க."

"கப்பல் போச்சு, அலை வந்துது. சரி. இதுல மெசேஜ் என்னம்மா?" என்று கேட்டுவிட்டு, ஃபோட்டோவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி பெங்களூரில் இருந்து தாரா ஃபோனில் பேசினாள். "விடும்மா. ஏதோ ஒரு கல்லுல அப்பா பேரு இருக்கட்டுமே. இல்லேன்னா எதுல இருக்கப்போகுது?"

அந்தக் கேள்வி மங்கையர்க்கரசியைத் தூங்க விடவில்லை. மகள் சொல்வதில் என்ன தப்பு? மனுஷன் ஆசைப்பட்டது நாலு பேர் படிக்கிற இடத்தில் பெயர் இருக்கவேண்டும் என்றுதானே? ஆனால் அவர் வாயால் வேண்டாமென்ற ஒன்றைக் கல்லில் வெட்டினால், இனி அவரால் கும்பிட்டுவிட்டு இறங்கி வரமுடியாது. அவருக்குப் பதில் அவள்தான் வேண்டாமென்று சொல்லவேண்டும். கூட்டத்தில் எப்படியும் இவளை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிடுவார்கள். இரண்டு வார்த்தையில் சொல்லித்தான் அவர் மாட்டிக்கொண்டார். தான் இருநூறு வார்த்தையில் சொல்வது, ஒன்றையும் வெட்டாமல் சொல்வது என்று முடிவு கட்டினாள்.

கூட்டத்தன்று துணைக்கு ஷர்மிஷ்டாவும் வந்தாள். முன்வரிசையில் இருவரையும் உட்கார வைத்தார்கள். மேடையில் சொக்கலிங்கத்தின் படத்தை ரோஜா மாலைக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பின்னால் அகலமான ஃப்ளெக்ஸ் பேனரில் லிஃப்ட் கவிதை. அதற்குக் கீழே கவிஞரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் செயலாளரின் பெயர்.

தலைவர் பத்மநாபன் தொடங்கினார். தாம் தூத்துக்குடியில் இருந்து முதன்முதலாக ஹௌரா வந்து இறங்கிய வரலாற்றைச் சொல்லி, இடையில் தம்முடைய முழங்கால் அறுவை சிகிச்சையைத் தொட்டு, "அப்பேர்ப்பட்ட சொக்கலிங்கம்" என்று முடித்தார். அடுத்து ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற நவநீத் கட்டுரை வாசித்தான். லிஃப்ட் என்பது நகரமயத்தின் செங்குத்துச் சிறை, 'யாராவது' என்பது பெயரற்ற மக்கள் திரள், 'வாருங்கள்' என்பது புரட்சிக்கான அழைப்பு. அவனுக்குப் பின்னால் வந்தவர் ஆன்மிகக்காரர். அவருக்கு லிஃப்ட் உடம்பு, இருட்டு மாயை, கூப்பிடப்பட்டது முருகன். புரட்சிக்கும் முருகனுக்கும் சபை பாரபட்சமில்லாமல் கை தட்டியது. சொக்கலிங்கம் எழுதிய மற்றக் கவிதைகளில் ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்று வெங்கடசுப்ரமணியன் வருத்தப்பட்டார். ஒரு ஹைக்கூ சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று மங்கையர்க்கரசி நினைத்துக்கொண்டாள்.

"இப்போது கவிஞரின் துணைவியார் ஏற்புரை வழங்குவார். அம்மா, சுருக்கமா. கீழே சாப்பாடு ரெடி."

அவள் மேடை ஏறினாள். மைக்கைப் பிடித்தாள். புருஷன் எப்படித்தான் இதன் முன்னால் போய்ப் போய் நின்றாரோ!

"எல்லாருக்கும் வணக்கம். பின்னால எழுதியிருக்கே, அது எங்க வீட்டுக்காரரு எழுதின கவிதை இல்ல. சித்திரை மாசம் புயலடிச்ச அன்னைக்கு, பால் வாங்கிட்டு வர்றப்ப, எங்க கட்டட லிஃப்டுல மாட்டிக்கிட்டாக. ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல. உள்ள ஒரே இருட்டு. பயந்துபோய், ஃபோன்ல உங்க எல்லாருக்கும் எழுதினாக, வாங்கன்னு. நீங்க எல்லாரும் படிச்சீங்க. படிச்சிட்டு அருமைன்னு எழுதினீங்க. ரோசாப்பூ போட்டீங்க. கவிதை இல்ல, நெசமாவே மாட்டிக்கிட்டேன்னு மறுபடி எழுதினாக. அதுக்கும் அருமைன்னீங்க. இந்தா முன்னாடி உக்காந்திருக்காளே, எங்க கீழ் மாடிப் பொண்ணு, தமிழே தெரியாதவ, அவதான் வந்து தூக்கிவிட்டா. உங்கள்ல ஒருத்தர் ஒரு ஃபோன் போட்டு, என்ன ஆச்சுன்னு கேட்டிருந்தீங்கன்னா..." மாலைக்குள் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்கு வந்த நெஞ்சு வலிதான் அவுகளைக் கொண்டுபோச்சு. அதை அவுக கவிதைன்னு கல்லுல வெட்டாதீங்க. வேண்டாம்னு அவுகளே எங்கிட்ட சொன்னாக. அவுக கவிதை வேற எவ்வளவோ இருக்கு. உங்களைக் கையெடுத்துக் கும்புடுதேன்."

சொல்லிவிட்டு நிஜமாகவே கும்பிட்டாள்.

அரங்கத்தில் மின்விசிறிகள் சுற்றுவது கேட்டது. முன்வரிசையில் பத்மநாபன் தலையைக் குனிந்துகொண்டார். நவநீத் பேனாவை மூடினான். சேர்ந்துவிட்டது, இவர்களுக்கு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மங்கையர்க்கரசி நம்பினாள்.

வெங்கடசுப்ரமணியன் எழுந்து வந்து மெதுவாக மைக்கை வாங்கினார். அவர் கண்ணில் நிஜமாகவே கண்ணீர் இருந்தது.

"என்ன சொல்றது? ஒரு மகத்தான கவிதை பிறந்த கதையை, அதைப் பக்கத்துல இருந்து பார்த்தவா வாயாலேயே கேட்டுட்டோம். இத்தனை நாள் அந்த இருட்டு கற்பனைன்னு நெனச்சிண்டிருந்தோம். ரத்தமும் சதையுமா அனுபவிச்சு எழுதியிருக்கார்! செத்துண்டிருக்கற நிமிஷத்துலயும் கவிதை! கல்லுல வெட்ட இதைவிட என்ன தகுதி வேணும்?"

முதலில் பத்மநாபன் தட்டினார். அப்புறம் அவர் வரிசை, அதற்கடுத்த வரிசை. அரங்கமே எழுந்து நின்று தட்டியது. சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். நவநீத் மறுபடி பேனாவைத் திறந்து வேகவேகமாக எழுதினான். "அம்மா சொன்ன வரிகளையும் கல்லுலே சேர்த்துடலாம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குத் தனியாக ஒரு கைதட்டல்.

மங்கையர்க்கரசி "வேண்டாம்" என்றாள். மைக் அவள் கையில் இல்லை. மறுபடி சொன்னாள். யாரோ கைத்தாங்கலாகப் படியில் இறக்கி அவளை நாற்காலியில் கொண்டுவந்து விட்டார்கள்.

பக்கத்தில் ஷர்மிஷ்டாவும் நின்றுகொண்டு, சிநேகிதிக்குக் கிடைத்த மரியாதையில் முகமெல்லாம் பூரித்து, எல்லோரையும்விட உரக்கத் தட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து காதருகே கேட்டாள்.

"கீ போல்லே, பௌதி? ஷபாய் காந்தே!" என்ன சொன்னாய், எல்லோரும் அழுகிறார்களே?

மங்கையர்க்கரசி தன் உடைந்த வங்காளத்தில் சொன்னாள். சொக்கோ-தா அன்றைக்கு லிஃப்டுக்குள்ளிருந்து இவர்களைத்தான் கூப்பிட்டார், இவர்கள் எல்லோரும் படித்தார்கள், நன்றாயிருக்கிறது என்று பதில் எழுதினார்கள், ஒருவரும் வரவில்லை. அதைத்தான் சொன்னேன்.

ஷர்மிஷ்டாவின் கைகள் பாதியில் நின்றன. எழுந்து நின்று தட்டிக்கொண்டிருக்கிற கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். அந்த அரங்கத்தில் தட்டாமல் நின்றது அந்த இரண்டு கைகள் மட்டும்தான். மங்கையர்க்கரசி அவற்றை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.